தீவைத் தொட முடியாத கப்பல்கள்

வெப்பமண்டலத் தீவுகளிடையே உல்லாசக் கப்பலில் விடுமுறையைக் கழிக்க எண்ணுவோர் கட்டணத்தையும் அறை வசதிகளையும் ஒப்பிட்டே பெரும்பாலும் முடிவெடுக்கின்றனர். ஆனால் எந்தத் தீவில் இறங்க முடியும், எதைத் தொலைவில் நின்று பார்க்க மட்டுமே முடியும் என்பதைத் தீர்மானிப்பது விளம்பரத்தில் அரிதாகவே இடம்பெறும் மிதவை ஆழம் என்னும் ஓர் அளவாகும். கப்பலின் அடிப்பகுதி நீர்மட்டத்துக்குக் கீழே எத்தனை மீற்றர் அமிழ்ந்திருக்கிறது என்பதையே அது குறிக்கிறது. கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பிரதேசத்திலுள்ள ஜெயபுரம் போன்ற ஊருக்கு இது தொலைதூரத்துச் செய்தியன்று. ஏனெனில் அவ்வூருக்கு மேற்கே விரியும் பாக்கு விரிகுடாவில்தான் இரணைதீவும், சற்று வடக்கே நெடுந்தீவும் நயினாதீவும் கிடக்கின்றன.

2023ஆம் ஆண்டு யூன் மாதம் சென்னையிலிருந்து புறப்பட்ட கோர்டீலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகியவற்றை வழித்தடமாகக் கொண்டு வடபகுதிக்கும் வந்துபோனது. 1990இல் ‘நோர்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் சேவைக்கு வந்த இக்கப்பல் ஏறத்தாழ 210 மீற்றர் நீளமும் 48,500 மொத்தத் தொன்னளவும் கொண்டது. மொத்தத் தொன்னளவு என்பது பலர் நினைப்பதுபோல் எடையன்று; கப்பலின் மூடப்பட்ட உட்பகுதிகளின் கனஅளவிலிருந்து கணிக்கப்படும் எண்ணாகும். எடையைச் சுமப்பது நீர் என்பதால், கப்பல் தன் எடைக்குச் சமமான கடல்நீரை விலக்கும் வரை அமிழ்கிறது. உடலை அகலமாக்குவதாலும் மேல்தளங்களைப் பாரம் குறைத்துக் கட்டுவதாலும் உல்லாசக் கப்பல்களின் மிதவை ஆழம் அவற்றின் உயரத்தோடு ஒப்பிடுகையில் குறைவாகவே உள்ளது. உலகின் மிகப் பெரிய உல்லாசக் கப்பல்கள்கூட ஒன்பது மீற்றரை ஒட்டிய ஆழத்துக்கே அமிழ்கின்றன, ‘எம்பிரஸ்’ அளவுள்ளவற்றுக்கோ ஏழு மீற்றரைச் சற்றுத் தாண்டுகிறது.

அந்த ஏழு மீற்றரே பாக்கு விரிகுடாவுக்கு அதிகம். அவ்விரிகுடாவின் பெரும்பகுதி பத்து மீற்றரை ஒட்டிய ஆழமே உடையது, தீவுகளை நெருங்கும்போது அது பரவைக்கடலாகிச் சில மீற்றர்களாகக் குறைகிறது, தெற்கே இராமர் பாலத்தின் பல இடங்களில் ஒன்று முதல் மூன்று மீற்றர் வரையே நீர் நிற்கிறது. கப்பலுக்கு அடியில் இரண்டு மூன்று மீற்றர் நீர் மிஞ்சினாலும் போதாமற்போகும் நிலை உண்டு. ஆழம் குறைந்த நீரில் விரைந்து செல்லும் கப்பலுக்கும் கடலடிக்கும் இடையே நீர் வேகமாகப் பாய்வதால் அங்கே அழுத்தம் குறைந்து, கப்பல் மேலும் கீழே இழுக்கப்படுகிறது. மாலுமிகள் ‘ஸ்குவாட்’ எனக் குறிப்பிடும் இவ்விளைவு, 1992 ஓகஸ்டில் ‘குயீன் எலிசபெத் 2’ அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் கரையோரத்தில், வரைபடத்தில் குறிக்கப்படாத பாறையில் உரசியதற்கு ஒரு காரணமாக இருந்தது.

இக்கடல் ஆழமற்றிருப்பதும் தீவுகள் இருப்பதும் ஒரே வரலாற்றின் இரு முகங்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, கடைசிப் பனியூழியின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தபோது, வன்னியின் மேற்குக் கரைக்கும் இராமநாதபுரத்துக்கும் நடுவே கடலே இருக்கவில்லை. பின்னர் பனி உருகி நீர் ஏறியபோது மூழ்காமல் எஞ்சிய மேடுகளே தீவுகளாயின. எனவே ஜெயபுரத்திலிருந்து ஏ-32 வீதியால் சென்று, 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து, குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறுபவர் அடையும் நெடுந்தீவை, பல அடுக்கு உல்லாசக் கப்பலால் எக்காலத்திலும் அணுக முடியாது. கொச்சியிலிருந்து இலட்சத்தீவுகளுக்குச் செல்லும் பயணிகள் கப்பல்களும் பல தீவுகளில் பவளத் திட்டுக்கு வெளியே நின்றே பயணிகளைச் சிறு படகுகளுக்கு மாற்றுகின்றன. அலை உயர்ந்தால் அந்த மாற்றமே ஆபத்தாகிறது.

ஆகவே ஆழத்துக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது பருவம். பாக்கு விரிகுடாவில் மே முதல் செப்டெம்பர் வரை சோளகமும், ஒக்டோபர் முதல் தை மாதம் வரை வாடையும் வீச, இடைப்பட்ட மாசி முதல் சித்திரை வரையான காலமே அமைதியானது. வங்கக் கடலின் கடும் புயல்களில் பல ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில்தான் உருவாகின்றன. 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் அவற்றுள் ஒன்று. கரீபியன் தீவுகளுக்கான புயற்காலமோ யூன் முதல் நவம்பர் வரை. புயலைச் சுழலச் செய்யும் கொரியோலிசு விளைவு, அதாவது பூமியின் சுழற்சியால் காற்று பக்கவாட்டில் திரும்பும் இயல்பு, நிலநடுக்கோட்டில் இல்லாமற்போவதால், அதையொட்டிய ஐந்து பாகைகளுக்குள் புயல் தோன்றுவது மிக அரிது. மாலைதீவின் தென்பகுதிக்கு இதனால் இயற்கையான காவல் உண்டு. 2001 டிசெம்பரில் சிங்கப்பூர் அருகே உருவான ‘வாமேய்’ புயல் அந்த ஐந்து பாகை வரம்புக்கு ஒரு விதிவிலக்கு.

கடல் நோயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ஏறத்தாழ ஐந்து செக்கனுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அசைவே மிகுதியான குமட்டலைத் தருகிறது, கப்பலின் நடுவே கீழ்த்தளத்தில் அமைந்த அறையில் அந்த அசைவு மிகக் குறைவு, அவ்வறைகளே பொதுவாக விலை குறைந்தவையும்கூட.

கூடுதல் கவனம் பெற வேண்டியது, ஒரே கப்பலில் வந்திறங்கும் ஆயிரத்து ஐந்நூறு பேரைச் சிறு தீவின் நிலத்தடிநீர் தாங்குமா என்பதாகும். நெடுந்தீவின் நிலம் பவளச் சுண்ணாம்புக்கல்லால் ஆனது. வளவுகளைச் சுற்றிச் சாந்து பூசாமல் அடுக்கப்பட்டுள்ள மதில்களின் கற்களை உற்றுப் பார்த்தாலே பவளத்தின் நுண்துளைகள் தெரியும். அதே துளைகளின் வழியே மழைநீர் கீழிறங்கி, அடர்த்தி கூடிய கடல்நீரின் மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதியின்படி, நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயர்ந்திருந்தால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் நிற்கும். ஆனால் நீரை இறைத்து மேல்மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், கீழிருந்து உப்புநீர் நாற்பது அடி மேலேறக்கூடும் என்பதும் அதே விதியே. உப்பேறிய கிணறு மீள்வதற்குப் பல பருவ மழை தேவைப்படுவதால், சில ஆயிரம் மக்கள் வாழும் இத்தகைய தீவுகளுக்குக் குடிநீரையும் தன்னுடன் கொண்டுவரும் சிறு படகுப் பயணியே பொருத்தமானவர். 2018இல்தான் மக்கள் மீண்டும் குடியேறத் தொடங்கிய இரணைதீவுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.