நீர்நிலைச் சங்கங்கள் ஒன்றுகூடி வேலை செய்தல்

கருமத்தம்பட்டி வட்டாரத்துக் குடியானவர்களுக்குக் குட்டை, பள்ளங்களின் அருமையை எடுத்துக் கூற வேண்டுவதில்லை. கிணற்றை நம்பிப் பண்ணையம் செய்யும் இப்பக்கத்தில், குட்டையில் நீர் தேங்கிய வருஷம் கிணறு ஊறும். தேங்காத வருஷம் ஆழ்குழாய்க் கிணறும் கைவிடும். குருடி மலையில் தோன்றி, கோவில்பாளையம், தெக்கலூர் பக்கமாகச் சென்று நொய்யலில் கலக்கும் கௌசிகா நதியோ, பல்லாண்டுகளாக மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் பள்ளமாகவே இருந்து வருகிறது.

இக்குறையைப் போக்க முன்வந்துள்ள தர்ம ஸ்தாபனங்கள் பல. ‘கௌசிகா நீர்க்கரங்கள்’ என்னும் அமைப்பு இந்நதியின் பொருட்டே பாடுபடுவது. 2003இல் கோயம்புத்தூரில் ஏற்பட்ட ‘சிறுதுளி’ நொய்யலையும் அதைச் சார்ந்த குளங்களையும் சீர்திருத்துவதில் ஈடுபட்டது. ‘குளங்கள் பாதுகாப்பு அமைப்பு’ ஞாயிற்றுக்கிழமைகளில் தொண்டர்களைத் திரட்டி வேலை செய்வது. இவையன்றி ஊர்தோறும் இளைஞர் கூடி நடத்தும் சிறு சங்கங்களும் உண்டு. சில சங்கங்களுக்குப் பொருள் வசதியுண்டு. சிலவற்றுக்கு ஆள் பலமுண்டு. நீர் எந்த வாரியில் வந்தது, எவ்விடத்தில் அடைபட்டது என்னும் விவரமோ உள்ளூர்ச் சங்கத்தாருக்கே தெரியும். இவை தனித்தனியே நின்று முழுப் பிரயோஜனம் அடைவது அரிது.

பொருள் விஷயத்தை முதலில் பார்ப்போம். 2013ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135வது பிரிவுப்படி, பெரிய கம்பெனிகள் முந்திய 3 வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைப் பொதுநலக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும். அத்தொகையைப் பெற்று வேலை நடத்தும் வெளி ஸ்தாபனம் மத்திய சர்க்காரிடம் தனியே பதிவு பெற்றிருப்பதுடன், இத்தகைய வேலையில் 3 வருஷ அனுபவமும் உடையதாயிருத்தல் வேண்டும். 1975ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் கூடிச் சங்கமொன்றைப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் நேற்றுப் பதிவான சங்கத்திற்கு இத்தொகை கிட்டாது. ஆகவே அனுபவமுள்ள ஸ்தாபனம் பொருளையும் கணக்கையும் ஏற்க, ஊர்ச்சங்கம் வேலையை மேற்பார்ப்பதே வழி. அயல்நாட்டு நன்கொடையோ இவ்வகைக்கு உதவாது. 2020ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டம், அத்தொகையை ஒரு ஸ்தாபனம் மற்றொன்றுக்கு மாற்றித் தருவதைத் தடுத்துவிட்டது.

பணத்தைவிடப் பெரிய சங்கடம் தண்ணீரில் உள்ளது. ஒரே பள்ளத்தில் மேற்குட்டையை ஒரு சங்கமும் கீழ்க்குட்டையை மற்றொரு சங்கமும் தூர்வாருவதாக வைத்துக்கொள்வோம். மேற்குட்டையார் கலங்கை ஒரு முழம் உயர்த்திக் கட்டினால், குறைந்த மழையில் கீழ்க்குட்டைக்குச் சொட்டு நீரும் போகாது. இரு சங்கத்தாரும் நல்லெண்ணத்துடனேயே உழைத்திருப்பர். பகையோ ஊருக்கும் ஊருக்கும் மூளும். கலங்கின் மட்டம், வாரியின் அகலம், எந்த மாதம் யார் வாரியைச் செதுக்குவது ஆகியவற்றை இரு தரப்பாரும் இயந்திரம் இறங்கும் முன்பே எழுதிக் கையொப்பமிடுதல் அவசியம். தூர்வாரிய பின் கவனிப்பாரின்றி விட்ட குட்டையில் சீமைக்கருவேலம் மீண்டும் மண்டிவிடும். ஆதலால் பின்வரும் வருஷங்களின் பராமரிப்பு யாருடையது என்பதையும் அதிலேயே காட்டவேண்டும். குட்டையின் நடுவே மரம் நடுவதைவிடக் கரையில் நடுவது மேல். படமெடுப்பதற்கு இரண்டும் அழகாகத்தான் இருக்கும்.

சங்கங்கள் எவ்வளவு ஒற்றுமையாயிருப்பினும் குட்டை அவற்றுக்குச் சொந்தமன்று. 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடைய ஏரிகள் நீர்வள இலாகாவைச் சேர்ந்தவை. சிறியவை பெரும்பாலும் ஊராட்சிகளைச் சேர்ந்தவை. எனவே ஒப்பந்தத்தின் நகல் உரிய அதிகாரியிடம் இருத்தல் வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் புலப்படத்தைக் கொண்டு எல்லையை முன்கூட்டியே காட்டிக் கொடுத்தால், ஆக்கிரமிப்பைப் பற்றிய தகராறு பாதியும் அங்கேயே தீரும்.

2024 ஆகஸ்டு 17இல் அத்திக்கடவு-அவினாசித் திட்டம் தொடங்கப்பெற்ற பின் இவ்வேலை இன்னும் முக்கியமாகிவிட்டது. காளிங்கராயன் அணைக்கட்டின் கீழ்ப்புறத்திலிருந்து, பவானியின் உபரி நீரில் 1.5 டி.எம்.சி.யை இறைத்து, கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு ஜில்லாக்களிலுள்ள 1,045 ஏரி குளம் குட்டைகளில் நிரப்புவது இத்திட்டம். குழாய் நீரைக் குட்டைவரை கொண்டுவந்து விடும். அங்கிருந்து வழியும் நீர் அடுத்த குட்டையைச் சேருவதோ, முட்காட்டில் வீணாவதோ வாரியின் நிலையைப் பொறுத்தது.

நிலச்சுவான்தார்களுக்கு இதில் நேரான லாபமும் உண்டு. தூர்வாரும்போது கிடைக்கும் வண்டலை, தாசில்தாரின் அனுமதி பெற்று, நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கனமீட்டரும் புன்செய்க்கு 90 கனமீட்டரும் கட்டணமின்றி எடுக்கலாமென 2024இல் விதிகள் எளிதாக்கப்பட்டன. மணற்சாரியான மேட்டாங்காட்டிற்கு வண்டல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். உவர் கண்ட குட்டையின் மண்ணாயின் பரிசோதித்த பிறகே அடிக்கவேண்டும். சங்கம் இயந்திரத்தையும் குடியானவர் வண்டியையும் ஒரே வாரத்தில் அமர்த்திக்கொண்டால், மண்ணைக் கரையில் குவித்து மறுபடி அள்ளும் இரட்டைச் செலவு மிஞ்சும். மனுக்களை வைகாசிக்குள் கொடுத்து ஆனி, ஆடியில் வேலையை முடிப்பது நலம். ஐப்பசி மழை பிடித்தபின் குட்டைக்குள் வண்டி இறங்காது.