சோறில்லாத பிரியாணி, கறியில்லாத குஸ்கா

ராயபுரம், தண்டையார்ப்பேட்டை பக்கம் மதிய நேரத்தில் ஏதாவதொரு பாய் கடை முன்னால் நின்று பாருங்கள். "பாய், ஒரு குஸ்கா" என்ற குரல் அடிக்கடி கேட்கும். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர், லாரி கிளீனர், மாசக் கடைசியைத் தள்ளும் ஆபீஸ்காரர், எல்லாருக்கும் தெரியும்: குஸ்கா என்றால் பீஸ் இல்லாத பிரியாணி. விலை குறைவு, மணம் அதேதான்.

அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் 'உலர்ந்தது'. பாரசீகத்தில் 'குஷ்க்' என்றால் காய்ந்த, வறண்ட. குழம்போ கறியோ சேராத வெறுஞ்சோறு 'குஷ்கா'. இன்னும் பின்னால் போனால் ஈரானின் பழைய அவெஸ்தா மொழியில் 'ஹுஷ்க', சமஸ்கிருதத்தில் 'சுஷ்க'. இங்கே 'ச', அங்கே 'ஹ': சிந்து ஹிந்து ஆனதே, அதே கதைதான். நம் சுக்கையும் இந்தக் குடும்பத்தில் சேர்ப்பவர்கள் உண்டு. சுத்தத் தமிழ் என்று சண்டைக்கு வருபவர்களும் உண்டு. நான் சுக்குக் காப்பியோடு ஒதுங்கிக்கொள்கிறேன்.

அவெஸ்தாவைத் தேடி ஈரான் போக வேண்டாம். 1795 வாக்கில் சென்னைக்கு வந்த பார்சிகள் ராயபுரத்தில்தான் வேரூன்றினார்கள். 1910-இல் கட்டிய அவர்களுடைய அக்னிக் கோயிலில் ஓதுவது அந்த மொழிதான். ஆனால் குஸ்காவைத் தந்தது அவர்களல்ல. அது உருது பேசும் வீடுகளின் அடுப்படி வழியாக வந்தது.

அக்பரின் சமையற்கட்டுக் கணக்கை அபுல் ஃபசல் 'அயினி அக்பரி'யில் எழுதி வைத்திருக்கிறார். குஷ்காவுக்கு 10 சேர் அரிசி, அரை சேர் உப்பு. அவ்வளவுதான். இறைச்சி சேராத பண்டங்களின் வரிசையில் அது இருக்கிறது. அதே நூலில் 'பிரியான்' வருகிறது: முழு ஆடு, நெய், குங்குமப்பூ, கிராம்பு, மிளகு, சீரகம். அரிசியே கிடையாது! பிரியான் என்றால் பாரசீகத்தில் வறுத்தது, வாட்டியது. இஸ்ஃபஹான் நகரில் இன்றைக்கும் பிரியானி கேட்டால் கொத்துக்கறியை ரொட்டியில் வைத்துத் தருவார்கள். சங்கப் பாட்டிலேயே ஊன்சோறு உண்டே என்பீர்கள். உண்டுதான். பண்டம் நமக்கும் பழசு, பெயர்தான் இரவல்.

சோறில்லாததும் கறியில்லாததுமாகக் கிளம்பிய இரண்டு சொற்கள் வடசென்னையில் ஒரே தேக்சாவுக்குள் வந்து விழுந்துவிட்டன. (தேக்சாவும் பாரசீகம்தான், தம் போடுகிறோமே, அந்தத் 'தம்'மும்.) பெயர் 'காய்ந்தது', தட்டிலோ மசாலாவும் எண்ணெயும் மினுமினுக்கின்றன.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. "பீஸ் இல்லையே, குஸ்காதானே" என்று நம்பிக் கை வைத்துவிடாதீர்கள். அக்பர் வீட்டுக் குஷ்காதான் சைவம். பாய் கடைக் குஸ்கா கறியோடு வெந்தது.