கையே நமக்கு முதல்

டெங்கிலுக்கு அருகே, இன்று புத்ராஜெயா விளங்கும் நிலத்தில், முன்னர் பிராங் பெசார் ரப்பர்த் தோட்டம் இருந்தது. அங்கே பால்மரம் வெட்டியோருக்குக் கையே முதல். இன்றும் நமக்கு அதுவே.

பால் உறையாதிருக்கச் சேர்க்கும் அம்மோனியாவும், உறையச் செய்யும் பார்மிக் அமிலமும் தோலைப் புண்ணாக்க வல்லவை. ஈரத்தில் ஊறிய விரலில் நகச்சுற்று எளிதில் தோன்றும். நகம் மாதத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டரே வளரும். இழந்த நகம் மீள ஆறு மாதமாகும்.

ஆகவே, அமிலத்தைக் கையாளும்போது கையுறை அணிவோம். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவுவோம். ஒட்டிய பாலை நீக்க மண்ணெண்ணெய் வேண்டா. நகங்களை ஒட்ட வெட்டாது, அளவாக வெட்டுவோம்.

ஆறாத புண்ணை மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுவோம். தொழிலால் வந்த தோல்நோய்க்குச் சொக்சோ உதவி கோர 1969ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது.