பிரான்ஸ் கடற்கரையில் ஒரு வாரம்: சமையல்கட்டோடு குறைந்த வாடகை வீடு பிடிப்பது எப்படி?

புதுச்சேரி: பாரீசில் பெண்ணைக் கொடுத்தவர்கள், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள், சொல்தா குடும்பத்துச் சொந்தக்காரர்கள் என்று புதுச்சேரி, காரைக்காலில் இருந்து பிரான்சுக்கு விமானம் ஏறுபவர்கள் ஏராளம். போன இடத்தில், "ஒரு வாரம் தெற்கே கடல் பக்கம் போய் வருவோம்" என்று பிள்ளைகள் ஆசைப்படுவதும் வழக்கம். அங்கேதான் பர்ஸ் காலியாகிறது.

தெற்கு பிரான்சில் மத்திய தரைக்கடலை ஒட்டிய நீஸ், கான், ஆந்தீப், மாந்தோன், நடுவில் மொனாகோ. இந்தக் கரைக்குப் பெயர் கோத் தாசுர். உலகப் பணக்காரர்கள் படகு நிறுத்தும் இடம். நாலு பேர் ஓட்டலில் தங்கி மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டால், விமான டிக்கெட்டை விட அந்த பில் பெரிதாகிவிடும்.

இதற்கு வழி, அடுப்பு, பிரிட்ஜ், பாத்திரத்தோடு வாரக் கணக்கில் கிடைக்கும் வாடகை வீடு. காலையில் சந்தையில் காய்கறி, மீன் வாங்கி வந்து வீட்டிலேயே சமைத்துக் கொள்ளலாம். நீசில் லிபெராசியோன் சந்தை, கானில் போர்வில் சந்தை இரண்டும் பெயர் பெற்றவை. திங்கட்கிழமை காய்கறிக் கடைகள் இருக்காது. ஞாயிறன்றே வாங்கி வைத்துவிட வேண்டும்.

மாதத்தை மாற்றினால் பாதி வேலை முடிந்தது

பிரான்சில் பள்ளிக்கூடங்களுக்கு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பெரிய லீவு. அப்போதுதான் வாடகை உச்சத்தில் இருக்கும். சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை முழு வாரமாகத்தான் பல வீடுகளை விடுவார்கள்.

நமக்கு கோடை லீவு அதற்கு முன்பே வந்துவிடுகிறது. அது நமக்கு லாபம். ஆனால் மே மாதத்தில் கான் திரைப்பட விழா நடக்கும். மொனாகோ கார் பந்தயம் மே கடைசி அல்லது ஜூன் தொடக்கத்தில் வரும். பிப்ரவரியில் நீஸ் கார்னிவலும் மாந்தோன் எலுமிச்சை திருவிழாவும். இந்த நாட்களைத் தவிர்த்துத் தேதி பார்க்க வேண்டும். லீவு கட்டாயம் இல்லாத பெரியவர்களுக்கு செப்டம்பர் கடைசி ரொம்ப நல்லது. கூட்டம் குறைந்திருக்கும், கடல் தண்ணீரும் வெதுவெதுப்பாக இருக்கும். மே மாதத்தில் தண்ணீர் சில்லென்று இருக்கும்.

ரயில் தடத்தைப் பிடியுங்கள்

கானில் இருந்து ஆந்தீப், நீஸ், மொனாகோ, மாந்தோன் வழியாக இத்தாலி எல்லையைத் தாண்டி வென்டிமிலியா வரை கரையோரமாக உள்ளூர் ரயில் ஓடுகிறது. நீசில் இருந்து மாந்தோனுக்கு முக்கால் மணி நேரம் கூட ஆகாது. அதனால் கடலைப் பார்த்த வீடுதான் வேண்டும் என்று அடம் பிடிக்கத் தேவையில்லை.

நீசுக்குப் பக்கத்தில் சான் லொரான் து வார், காஞ் சூர் மேர், மலைப் பக்கம் வாசனைத் திரவியத்துக்குப் பெயர் போன கிராஸ், எல்லை தாண்டி வென்டிமிலியா. இந்த ஊர்களில் ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில் வீடு தேடினால் வாடகை இறங்கும். கடற்கரையில் குளிக்கக் காசு கிடையாது. மெத்தை நாற்காலி போட்ட தனியார் பகுதிக்குத்தான் கட்டணம்.

விளம்பரத்தைப் படிக்கத் தெரியணும்

'2 பியேஸ்' என்று போட்டிருந்தால் இரண்டு படுக்கை அறை என்று நினைத்து ஏமாறக் கூடாது. ஒரு ஹால், ஒரு படுக்கை அறை, அவ்வளவுதான். '4 குஷாஜ்' என்றால் நாலு பேர் படுக்கலாம் என்று அர்த்தம். அதில் இரண்டு பேருக்கு ஹாலில் மடக்கு சோபாவாக இருக்கும். 'ஸ்டுடியோ கபின்' என்றால் ஒரே அறை, மூலையில் அடுக்குக் கட்டில். 'சான் அசான்சர்' என்றால் லிப்ட் கிடையாது. மூட்டு வலி உள்ள பெரியவர்களோடு போகிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

வாடகையை மட்டும் பார்த்தாலும் தப்பு. சுத்தம் செய்யும் கூலி, படுக்கை விரிப்பு வாடகை, இணையதளத்தின் கமிஷன், ஊராட்சிக்குக் கட்டும் தங்கும் வரி என்று தனித்தனியாக ஏறும். இந்த வரி 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கிடையாது. உதாரணத்துக்கு, வாரம் 700 யூரோ, சுத்தம் 80, விரிப்பு 60 என்றால் மொத்தம் 840. நாலு பேருக்கு, ஏழு ராத்திரிக்கு வகுத்தால் ஆளுக்கு ஒரு ராத்திரி 30 யூரோ. இப்படி வகுத்துப் பார்த்துத்தான் ஒரு வீட்டை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும்.

முன்பணம்: உஷார்!

பத்திரத்தில் முன்பணம் 'ஆர்' என்றிருக்கிறதா, 'அகோந்த்' என்றிருக்கிறதா என்று பாருங்கள். 'ஆர்' என்றால் நாம் பின்வாங்கினால் அந்தப் பணம் போய்விடும். வீட்டுக்காரர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். 'அகோந்த்' என்றால் இரண்டு பேரும் கட்டுப்பட்டவர்கள். போகாவிட்டாலும் முழு வாடகையும் கேட்கலாம்.

பிரான்சில் இணையத்தில் சட்டை வாங்கினால் 14 நாளில் திருப்பிக் கொடுக்கலாம். தேதி குறித்துப் பிடித்த வீட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. விசா கிடைக்கும் முன்பே பணம் கட்டுகிறவர்கள், கட்டணமில்லாமல் ரத்து செய்ய வசதி உள்ள வீட்டைப் பிடிப்பதே புத்திசாலித்தனம்.

"இணையதளம் வழியாக வேண்டாம், நேரா என் கணக்குக்கு அனுப்புங்க, குறைச்சுத் தரேன்" என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிட வேண்டும். அழகான போட்டோவைத் திருடிப் போட்டு இல்லாத வீட்டை வாடகைக்கு விடுவது பழைய மோசடி. நீசில் இந்த மாதிரி வீடுகளுக்குப் பதிவு எண் கட்டாயம். 2024 நவம்பரில் வந்த சட்டப்படி 2026 மே 20-க்குள் நாடு முழுக்க இந்த எண்ணுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லப்பட்டது. எண் கேட்டால் மழுப்புகிறவரிடம் பணம் கட்டாதீர்கள். பாரீசில் இருக்கும் உறவுக்காரரை விட்டு வீட்டுக்காரரிடம் பிரெஞ்சில் ஒரு போன் பேசச் சொல்வதும் நல்ல சோதனை.

விசாவும் இதில்தான் இருக்கு

பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குக் கவலையில்லை. இந்திய பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் ஷெங்கன் விசாவுக்கு, தங்கும் எல்லா நாளுக்கும் இடத்தின் ஆதாரம் காட்ட வேண்டும். உறவினர் வீட்டில் இருக்கும் நாட்களுக்கு அவர்கள் ஊர் மேரியில் வாங்கித் தரும் 'அத்தெஸ்தாசியோன் தக்காய்', கடற்கரை வாரத்துக்கு வாடகைப் பத்திரம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். 2024 ஜூனில் பெரியவர்களுக்கான விசா கட்டணம் 90 யூரோவாக உயர்ந்தது. விசா மறுக்கப்பட்டால் அது திரும்பி வராது.

போலி விளம்பரத்தில் ஏமாந்தால் வாடகைப் பணத்தோடு நஷ்டம் நிற்காது. பொய் முகவரியைக் கொடுத்ததாகி, பேரப்பிள்ளையைப் பார்க்கும் பயணமே நின்று போகக் கூடும் என்பது குறிப்பிடத்தக்கது.