பிரேக் வட்டுகளின் சீரற்ற தேய்மானம்

பிரேக் வட்டின் சீரற்ற தேய்மானம் என்பது, சக்கரத்துடன் சேர்ந்து சுழலும் பிரேக் வட்டு எல்லா இடங்களிலும் ஒரே அளவில் தேயாமல், சில இடங்களில் மெலிந்தும் சில இடங்களில் தடித்தும் காணப்படுவதைக் குறிக்கும். பேச்சுவழக்கில் இவ்வட்டு 'டிஸ்க்' எனப்படுகிறது. எல்லாக் கார்களிலும் இது நேரக்கூடும் எனினும், அதிவேகத்திலிருந்து அடிக்கடி வேகம் குறைக்கப்படும் செயல்திறன் கார்களில் இதன் விளைவு மிகுதி. பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் அதிர்ந்தால், வட்டு வளைந்துவிட்டதாகக் கருதிப் புதிய வட்டைப் பொருத்துவது பரவலான வழக்கம். ஆனால் பெரும்பாலும் வட்டு வளைவதில்லை. அதன் தடிமனே இடத்துக்கு இடம் மாறுகிறது. மாறியதற்கான காரணத்தைக் களையாவிட்டால், புதிய வட்டிலும் அதே அதிர்வு திரும்பிவிடும்.

வரலாற்றுப் பின்னணி

வட்டு பிரேக்குக்கு இங்கிலாந்தின் பிரெடெரிக் லான்செஸ்டர் 1902-இல் காப்புரிமை பெற்றார். 1953-ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், டன்லப் வட்டு பிரேக்குகள் பொருத்திய ஜாகுவார் சி-டைப் கார் வென்றது. பழைய டிரம் பிரேக்குகளைவிட வட்டு விரைவில் குளிர்ந்ததால், அக்கார் சுற்றுக்குச் சுற்று நம்பிக்கையுடன் வேகத்தைக் குறைக்க முடிந்தது. அதன் பின் வட்டு பிரேக் படிப்படியாகச் சாலைக் கார்களுக்கும் பரவியது.

வட்டு தாங்கும் வெப்பம்

பிரேக் என்பது இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றும் கருவி. 1,500 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 200 கிலோமீட்டரிலிருந்து 100 கிலோமீட்டருக்குக் குறையும்போது, ஏறத்தாழ 17.4 இலட்சம் ஜூல் ஆற்றலை இழக்கிறது. 6 லிட்டர் நீரை 30 டிகிரி செல்சியஸிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ இதே ஆற்றல் தேவை. சில நொடிகளில் வெளிப்படும் இவ்வெப்பத்தின் பெரும்பகுதியை முன்சக்கர வட்டுகள் ஏற்கின்றன. பந்தயத் தடத்தில் இது ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் நிகழ்கிறது.

தேய்மானத்தின் வகைகளும் காரணங்களும்

1. சுற்றளவில் தடிமன் மாறுபாடு: வட்டு பொருந்தும் ஹப்பின் முகத்தில் துரு அல்லது அழுக்கு இருந்தால் வட்டு சற்றே சாய்ந்து அமர்கிறது. பிரேக் பிடிக்காத நேரத்திலும், சுழலும் வட்டின் ஒரே பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் பேடை உரசிச் செல்கிறது. பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பின் அப்பகுதி மெலிகிறது. வீல் நட்டுகளைச் சீரற்ற விசையில் முடுக்குவதும் இத்தகைய சாய்வை உண்டாக்கும்.

2. பேடுப் பொருள் திட்டாகப் படிதல்: பேடிலுள்ள உராய்வுப் பொருள் மெல்லிய படலமாக வட்டில் படிவது இயல்பானது. கடுமையாக பிரேக் பிடித்துக் காரை நிறுத்திய பின்னும் மிதியை அழுத்தியபடியே இருந்தால், சூடான பேடு ஒரே இடத்தில் அச்சுப் பதிக்கிறது. அவ்விடத்தில் உராய்வு மிகுந்து வெப்பம் கூடுகிறது. வெப்பநிலை ஏறத்தாழ 650 முதல் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், வார்ப்பிரும்பில் சிமென்டைட் என்னும் கடினமான சேர்மம் உருவாகக்கூடும். கடினமான அவ்விடம் மற்ற பகுதிகளைவிடக் குறைவாகத் தேய்வதால் மேடு மேலும் உயர்கிறது. வட்டு வளைந்துவிட்டதாகக் கூறப்படும் பெரும்பாலான சிக்கல்களுக்கு இதுவே காரணம் என்பதை அமெரிக்கப் பந்தயப் பொறியாளர் கரோல் ஸ்மித் எழுதி விளக்கியுள்ளார்.

3. இரு முகங்களிடையே வேறுபாடு: நகரும் வகைக் காலிப்பரில் வழிகாட்டி ஊசிகள் துருப்பிடித்து இறுகினால், வட்டின் உட்புறமும் வெளிப்புறமும் வெவ்வேறு அளவில் தேய்கின்றன.

4. இடது, வலது வேறுபாடு: ஒரு பக்கக் காலிப்பரின் பிஸ்டன் இறுகிப்போவது இதற்குப் பொதுவான காரணம். வளைந்த காற்றுவழிகள் கொண்ட வட்டுகள் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனியாக வார்க்கப்படுகின்றன. பக்கம் மாற்றிப் பொருத்தினால் அவை சரியாகக் குளிர்வதில்லை.

ஓட்டத்தில் ஏற்படும் விளைவுகள்

அதிர்வு: தடிமனில் 0.02 மில்லிமீட்டர் அளவிலான வேறுபாடே பல கார்களில் அதிர்வாக உணரப்படும். மனிதத் தலைமுடியின் தடிமன் இதைப்போல் சில மடங்கு. சுற்றளவு 2 மீட்டர் உள்ள டயர், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 14 முறை சுழல்கிறது. வட்டில் ஒரு மேடு இருந்தால் நொடிக்கு 14 துடிப்புகள் எழும். சஸ்பென்ஷனின் இயல் அதிர்வெண்ணுடன் இது ஒத்துப்போகும்போது ஒத்ததிர்வு ஏற்படுகிறது. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் கடுமையாக உதறுவதற்கு இதுவே காரணம்.

ஒருபுறம் இழுத்தல்: இரு முன்சக்கரங்களின் பிரேக் விசைகள் 1,000 நியூட்டன் வேறுபட்டு, அவற்றுக்கிடையே 1.6 மீட்டர் இடைவெளி இருந்தால், 800 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை காரைத் திருப்ப முயலும். கார் வலுவாகப் பிடிக்கும் பக்கம் இழுக்கும். 1972-இல் வந்த அவுடி 80 காரில், ஸ்டீயரிங் அச்சின் நீட்சி டயர் மையத்துக்கு வெளிப்புறத்தில் தரையைத் தொடும்படி அமைக்கப்பட்டது. இதனால் சக்கரங்கள் இழுப்புக்கு எதிர்த்திசையில் சற்றே தாமாகத் திரும்பும். இவ்வகை அமைப்புள்ள கார்களில் வெளியே துருத்தும் அகலச் சக்கரங்களை மாட்டினால் இப்பாதுகாப்பு குறைகிறது.

வளைவில் பிடிமானம் குறைதல்: வளைவில் நுழையும்போது பிரேக்கை மெல்ல விடுவித்தபடியே திருப்புவது விரைவாக ஓட்டுவோரின் முறை. அப்போது வெளிப்புற முன்டயர் தன் பிடிமானத்தைப் பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் பகிர்ந்தளிக்கிறது. பிரேக் விசை துடித்தால், திருப்பத்துக்கு எஞ்சும் பிடிமானமும் ஏறி இறங்கும். எல்லையில் ஓடும் கார் நினைத்த பாதையிலிருந்து வெளியே விலகக்கூடும்.

மிதி ஆழ்தல்: சாய்ந்த வட்டு பேடுகளைப் பின்னுக்குத் தள்ளுவதால், முதல் அழுத்தத்தில் மிதி வழக்கத்தைவிட ஆழமாகச் செல்லும். அதிவேகத்தில் இத்தாமதம் ஆபத்தானது.

சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு, வட்டின் தடிமன் மாறுபாட்டைச் சரிசெய்வதில்லை.

கண்டறிதலும் தடுப்பும்

வட்டின் தடிமனைத் திருகு அளவியால் 8 இடங்களிலேனும் அளக்க வேண்டும். பின்னர் வட்டைக் காரில் பொருத்திய நிலையிலேயே டயல் கேஜ் கொண்டு அதன் சாய்வை அளக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட அளவு காருக்குக் கார் மாறும். பல கார்களில் அது 0.05 மில்லிமீட்டர் அளவே.

புதிய வட்டைப் பொருத்துமுன் ஹப் முகத்தின் துருவை நீக்குவதும், வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் எதிரெதிராக முடுக்குவதும் இன்றியமையாதவை. புதிய பேடுகளை, முழுவதும் நிற்காமல் பலமுறை மிதமாக வேகம் குறைத்துப் படிய வைக்க வேண்டும். தடத்தில் ஓடிய பின் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி வட்டைக் குளிரவைக்க வேண்டும். வண்டி நின்றதும் கை பிரேக் போடக்கூடாது.

சீரற்ற வார்ப்பிரும்பு வட்டைக் கடைந்து சமப்படுத்தலாம். எனினும் வட்டில் பொறிக்கப்பட்டுள்ள குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகக்கூடாது. மெலிந்த வட்டு குறைந்த வெப்பத்தையே ஏற்கும். ஆகவே விரைவில் மிகையாகச் சூடாகி விரிசல் விடக்கூடும். அத்தகைய வட்டை மாற்றுவதே பாதுகாப்பானது. அப்போதும் பழைய வட்டு ஏன் சீரற்றுத் தேய்ந்தது என்பதை முதலில் கண்டறிந்து சரிசெய்ய வேண்டும்.