கோடு போட்ட பெயிண்டு ஒரு டின்!

"தம்பி, ஸ்டோருக்கு ஓடிப் போய்க் கோடு போட்ட பெயிண்டு ஒரு டின் வாங்கி வா!"

இங்கிலாந்தின் தொழிற்சாலைகளில் வேலை பழக வந்த பையன்கள் பலர் இந்த உத்தரவைக் கேட்டிருக்கிறார்கள். பையன் ஓடுவான். ஸ்டோர் குமாஸ்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இங்கே தீர்ந்துவிட்டது, அடுத்த ஷெட்டில் கேட்டுப் பார்" என்பார். அங்கே போனால் இன்னோர் இடத்தைக் காட்டுவார்கள். டின்னுக்குள் இருக்கும் பெயிண்டில் கோடு எப்படி வரும் என்று அவனுக்கு உறைக்கும்போது பட்டறையே சிரித்துக்கொண்டிருக்கும்!

இடது கைக்காரருக்கான ஸ்குரூ டிரைவரைத் தேடி அலைந்தவர்களும் உண்டு. "லாங் வெயிட்" வாங்கப் போனவன் கதை இன்னும் வேடிக்கை. ஆங்கிலத்தில் அந்த உச்சரிப்புக்கு நீளமான எடைக்கல் என்றும் பொருள். நெடுநேரம் காத்திருப்பது என்றும் பொருள். அரை மணி நேரம் நிற்க வைத்த பிறகு, "நீ கேட்டது கிடைத்துவிட்டதே, போகலாம்!" என்பார் குமாஸ்தா.

ஜெர்மனியில் ரசமட்டத்துக்கு எடைக்கல் கொண்டுவரச் சொல்வார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் புதிய சிப்பாயைத் துப்பாக்கி சுடும் மைதானத்தின் சாவியை வாங்கி வர அனுப்புவார்கள். திறந்த வெளிக்கு ஏது ஐயா பூட்டு?

சிரிப்பும் பயமும்

இந்தக் குறும்பில் நன்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஷெட் ஷெட்டாக ஓடிய பையன் ஒரே நாளில் எல்லா இடத்தையும் பார்த்துவிடுகிறான். எல்லோருக்கும் அவன் முகம் பழகிவிடுகிறது. "இனி நீயும் நம்மவன்" என்று பழைய தொழிலாளிகள் சொல்லும் முறையும் இதுதான்.

ஆனால் மறுநாள் என்ன ஆகும்? ஃபோர்மன் கேள்விப்படாத ஒரு கருவியின் பெயரை நிஜமாகவே சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "அது என்ன?" என்று கேட்டால் மீண்டும் சிரிப்பார்களோ என்று பையன் வாயை மூடிக்கொள்கிறான். தெரியாமலே இயந்திரத்தில் கை வைக்கிறான். அபாயம் அங்கேதான் இருக்கிறது.

பழக்குவதற்கு ஒரு முறை

இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவமில்லாத ஆட்கள் வந்து குவிந்தார்கள். அவர்களைப் பழக்கும் மேஸ்திரிகளுக்காகவே 1940 முதல் 1945 வரை அரசாங்கம் ஒரு பயிற்சித் திட்டத்தை நடத்தியது. 16 லட்சம் பேருக்கு மேல் அதில் தேறினார்கள்.

அந்த முறையில் நான்கு படிகள். ஆளைத் தயார் செய். வேலையைச் செய்து காட்டு. அவனையே செய்யச் சொல். பிறகு அடிக்கடி போய்ப் பார். முதல் படி இயந்திரத்தில் ஆரம்பிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வந்தவனுடைய கூச்சத்தைப் போக்குவதில் ஆரம்பிக்கிறது! கடைசிப் படியிலும் கேள்வி கேட்க அவனைத் தூண்ட வேண்டும். மாணவன் கற்கவில்லை என்றால் ஆசிரியர் கற்பிக்கவில்லை என்பதே அவர்கள் கொள்கை.

கோர்ட்டுக்குப் போன விளையாட்டு

விளையாட்டு வினையான கதைகளும் உண்டு. இங்கிலாந்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பழகும் பையன்கள் அழுத்தக் காற்றுக் குழாயை வைத்து விளையாடினார்கள். சகபையன் ஒருவன் படுகாயமடைந்தான். இப்படி நடக்குமென்று நிர்வாகம் எதிர்பார்த்திருக்க முடியாது, ஆகவே அது பொறுப்பல்ல என்று 1951-ல் தீர்ப்பாயிற்று.

1957-ல் தீர்ப்பு வேறு விதமாக வந்தது. ஒரு கம்பெனியில் ஏறக்குறைய 4 வருஷமாக ஒருவனுக்கு விஷமமே பழக்கம். ஃபோர்மன் பலமுறை கண்டித்தும் பலனில்லை. ஒரு நாள் உடல் ஊனமுற்ற தொழிலாளியை அவன் கீழே தள்ளிவிட, அவருக்கு மணிக்கட்டில் அடிபட்டது. அவன் குணம் தெரிந்திருந்தும் தடுக்கவோ விலக்கவோ செய்யாத கம்பெனிதான் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்றது கோர்ட். 1974-ல் வந்த பிரிட்டிஷ் சட்டம், சகதொழிலாளியின் பாதுகாப்பில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் கடமை உண்டு என்று விதித்தது.

ஆகவே, ஆட்களைப் பழக்குகிறவர் சிரிப்பைத் தடை செய்ய வேண்டியதில்லை. காற்றுக் குழாய், மின்சாரம், சுழலும் இயந்திரம், உயரமான ஏணி இவற்றின் அருகே விளையாட்டு கூடாது, இது கண்டிப்பு. மற்றபடி ஒரே ஒரு சோதனை போதும். ஏமாந்த பையன் தானும் சேர்ந்து சிரிக்கிறானா? மறுநாள் தைரியமாக வந்து சந்தேகம் கேட்கிறானா? கேட்டால் அது வேடிக்கை. கேட்காவிட்டால், சிரித்தவர்கள்தான் யோசிக்க வேண்டும்!