சபா நாற்காலியும் ஒரு மருந்துதான்!

திருவான்மியூரில் கோயில் கொண்டிருக்கும் ஈசனுக்கு மருந்தீசர் என்று பெயர். வன்னி மரத்தடியில் அகத்தியருக்கு மூலிகைகளின் குணங்களை உபதேசித்தவர் என்கிறது தலபுராணம். எங்கள் சித்த மருத்துவத்துக்கு அகத்தியர்தான் ஆதி குரு. அதனால் என்னைப் போன்ற வைத்தியர்களுக்கு இந்த ஊர் தாய்வீடு மாதிரி. ராமாயணம் எழுதிய வால்மீகிக்கும் இங்கே நடுரோட்டிலேயே ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. ஆக, மருந்தும் கதையும் சேர்ந்து குடியிருக்கிற ஊர் இது.

இதே ஊரில், கடற்கரைப் பக்கமாக, கிட்டத்தட்ட 100 ஏக்கரில் மரங்கள் அடர்ந்த ஒரு வளாகம். உள்ளே தட்டுக்கழிச் சத்தமும் சதங்கைச் சத்தமும் கேட்கும். கலாக்ஷேத்ரா!

"ஹெல்த் பத்திரிகையில டான்ஸ் ஸ்கூலைப் பத்தி எதுக்கு டாக்டர் எழுதறீங்க?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு ஊரில் நல்ல கலைப்பள்ளியும் நாடக மேடையும் இருந்தால், அது அந்த ஊர் ஜனங்களின் உடம்புக்கும் மனசுக்கும் நல்லது. ஆனால் கீரை மாதிரி அது தானாக முளைத்துக்கொண்டு இருக்காது. யாராவது தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த ‘யாராவது’ நாம்தான்!

ஒரு பெண்மணி போட்ட விதை

கலாக்ஷேத்ராவை 1936-ல் ஆரம்பித்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் மேடை ஏறி ஆடுவதா என்று ஊரே முகம் சுளித்த காலம் அது. பரம்பரையாக அந்தக் கலையைக் காப்பாற்றி வந்தவர்களிடமே போய், மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பரதம் கற்றுக்கொண்டார். 1935-ல் அடையாறு தியாசபிகல் சொசைட்டியின் வைர விழாவில் ஆடினார். அடுத்த வருஷமே பள்ளி பிறந்துவிட்டது.

அடையாறில் பிறந்த பள்ளி 1962-ல் திருவான்மியூருக்குக் குடிபெயர்ந்தது. மரங்கள் அதிகம் இல்லாத வெறும் மணல் பூமி. இன்று அதே இடம் சோலையாக நிற்கிறது. நடனம், பாட்டு, வாத்தியம் மட்டுமல்ல, 1937-லேயே தறியும் போட்டார்கள். அகலக் கரை வைத்த ‘கலாக்ஷேத்ரா புடவை’ வந்தது அங்கிருந்துதான்.

வால்மீகி ஊருக்குப் பொருத்தமாக, 1955 முதல் 1970 வரை ராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகங்களாக மேடை ஏற்றினார் ருக்மிணி தேவி. முதல் நாடகத்துக்கு இசையமைத்தவர் மைசூர் வாசுதேவாச்சார். அவர் பிறந்தது 1865-ல். கணக்குப் போட்டுப் பாருங்கள், அப்போது அவருக்கு வயது தொண்ணூறு! 1961-ல் அவர் மறைந்த பிறகு, மீதி வேலையை அவருடைய பேரன் எஸ்.ராஜாராம் முடித்தார். ‘ரிட்டயர் ஆயாச்சு, இனிமே என்ன இருக்கு’ என்று அறுபதிலேயே சாய்வு நாற்காலியில் சாய்ந்துவிடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பார்த்தாலே பலன் உண்டா?

ஆடுகிறவருக்குப் பலன், சரி. உட்கார்ந்து பார்க்கிறவருக்கு?

இங்கிலாந்தில் 50 வயதுக்கு மேற்பட்ட 6,710 பேரை சுமார் 14 வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று, 2019-ல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வந்தது. நாடகம், கச்சேரி, மியூசியம், ஓவியக் கண்காட்சி என்று வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை போனவர்களிடம், அந்தக் காலத்தில் இறப்பு விகிதம், எங்கேயுமே போகாதவர்களைவிட 14 சதவிகிதம் குறைவாக இருந்தது. சில மாதங்களுக்கு ஒருமுறையாவது போனவர்களிடம் 31 சதவிகிதம் குறைவு! வசதி, படிப்பு, ஏற்கெனவே இருந்த வியாதி எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் தெரிந்தது.

இதை வைத்து ‘நாடகம் பார்த்தால் ஆயுள் கூடும்’ என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. நடமாட்டம் உள்ளவர்தானே வெளியே கிளம்புவார்? ஆனால் ஒரு வைத்தியனாக எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. சாயங்காலம் நிகழ்ச்சிக்குப் போக வேண்டும் என்றால் என்ன நடக்கிறது? மத்தியானமே குளித்து, நல்ல துணி உடுத்தி, பக்கத்து வீட்டு மாமியைத் துணைக்குக் கூப்பிட்டு, நாலு தெரு நடந்து, நாலு பேரிடம் பேசி, கதையில் மனசு நனைந்து, அலுத்துப்போய் வந்து படுத்தால் தூக்கம் வருகிறது. இதில் எந்த ஒன்றை நான் சீட்டில் எழுதிக் கொடுத்தாலும் நீங்கள் செய்ய மாட்டீர்கள்!

நியூயார்க்கில் 75 வயதைத் தாண்டிய 469 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வு 2003-ல் வெளியானது. புத்தகம் படிப்பவர்கள், வாத்தியம் வாசிப்பவர்கள், நடனம் ஆடுபவர்கள் ஆகியோருக்கு ஞாபகமறதி நோய் வந்தது குறைவு என்று அதில் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2019-ல், 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, கலைகள் ஆரோக்கியத்துக்கு உதவுகின்றன என்று அறிக்கை வெளியிட்டது.

ஆடுகிற பிள்ளையின் உடம்பு

கலைப்பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். "ஆறு மாசமா கத்துக்கறா டாக்டர், முட்டி வலிக்குதுங்கறா, நிறுத்திடலாமா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள்.

நிறுத்த வேண்டாம். முதலில் காரணத்தைப் பாருங்கள். பரதத்துக்கு அஸ்திவாரம் அரைமண்டி. இடுப்பு மூட்டிலிருந்து தொடை வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். குழந்தைகள் அவசரத்தில் முட்டியையும் பாதத்தையும் மட்டும் திருப்பிவிடுகிறார்கள். வலி அங்கேதான் ஆரம்பம். முட்டியும் கால் விரல்களும் ஒரே திசையைப் பார்க்கிறதா என்று ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிமென்ட் தரையில் வெறுங்காலோடு ஓங்கித் தட்டுவதும் உறுத்தும். மரத்தளமோ மண்தரையோ இருந்தால் நல்லது. அடவுக்கு முன் பத்து நிமிஷம் உடம்பைச் சூடாக்கும் பயிற்சி கட்டாயம்.

எண்ணெய்க் குளியலை மறக்காதீர்கள். சித்த மருத்துவத்தில் ‘தொக்கணம்’ என்று ஒரு முறையே உண்டு. எண்ணெய் தேய்த்து, அழுத்தி, பிசைந்து, தசையை இளக்குவது. வீட்டில் அவ்வளவு தேவையில்லை. வாரம் ஒருநாள் வெதுவெதுப்பான நல்லெண்ணெயைத் தொடை, கெண்டைக்கால், பாதத்தில் தேய்த்து, அரைமணி கழித்து வெந்நீரில் குளிப்பாட்டுங்கள். வீக்கம் இருந்தால் தேய்க்கக் கூடாது. வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, முட்டி வீங்கினாலோ, நொண்டி நடந்தாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சாப்பாடு? ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பார்கள் நம் பெரியவர்கள். ஆடுகிற பிள்ளைக்கு எள்ளுருண்டை, வேர்க்கடலை, உளுந்தங்கஞ்சி நல்லது. எலும்புக்கு உறுதி என்று எங்கள் நூல்கள் பிரண்டையைச் சொல்கின்றன. நாரெடுத்து, எண்ணெயில் நன்றாக வதக்கி, புளி சேர்த்துத் துவையலாக அரைத்தால் நாக்கு அரிக்காது. வயசுக்கு வந்த பெண்களுக்கு ரத்தசோகை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முருங்கைக்கீரை சாப்பிடும் நாளில் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொண்டால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். வகுப்புக்கு வெறும் வயிற்றோடும் அனுப்பாதீர்கள், வயிறு முட்டவும் அனுப்பாதீர்கள். ஒரு வாழைப்பழமோ ரெண்டு இட்லியோ போதும்.

பாட்டு கற்கும் பிள்ளைக்குத் தொண்டை கட்டினால் அதிமதுரத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வது நம் வழக்கம். பிள்ளைகளுக்கு எப்போதாவது ஒருநாள் சரி. ரத்தக் கொதிப்பு உள்ள பெரியவர்கள் இதைத் தொட வேண்டாம். அதிமதுரம் பிரஷரை ஏற்றும்.

யார் தண்ணீர் ஊற்றுவது?

கலாக்ஷேத்ராவுக்கு ஒரு யோகம் இருந்தது. 1993-ல் பார்லிமெண்டில் தனிச் சட்டம் போட்டு, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்று அறிவித்தார்கள். மத்திய அரசின் உதவி கிடைக்கிறது. ஆனால் அரசாங்கம் சம்பளம் தரலாம், கட்டடம் தரலாம். எதிரே உட்கார்ந்து ரசிக்க ஆளை அனுப்ப முடியுமா? மார்கழியில் கூடும் கூட்டம் மற்ற மாதங்களிலும் வந்தால்தானே கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு மேடை பழகும்?

எல்லாப் பள்ளிக்கும் இந்த யோகம் வாய்ப்பதில்லை. காஞ்சிபுரத்துப் பக்கம் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில், கூத்துக் கலைஞர் பெ.ராஜகோபாலும் அவர் மனைவி ஹன்னா டி புருயினும் சேர்ந்து 2002-ல் கட்டைக்கூத்துக் குருகுலம் ஆரம்பித்தார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பாடமும் படித்தார்கள், கூத்தும் கற்றார்கள். ஆண்கள் மட்டுமே வேஷம் கட்டி வந்த கூத்தில் பெண் பிள்ளைகளும் ஆடினார்கள். 2020-ல் அந்தக் குருகுலம் முடிவுக்கு வந்துவிட்டது. ஒரு பள்ளி மூடினால், அடுத்த வருஷம் சேர இருந்த பிள்ளை எங்கே போவது?

சென்னையிலேயே, ந.முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறை இருக்கிறது. சினிமாவில் நாம் ரசிக்கிற பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாம் அங்கே பட்டை தீட்டப்பட்டவர்கள். சினிமாவில் வந்த பிறகு கைதட்டுகிறோம். பட்டறையில் நாடகம் போட்டபோது எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்?

இந்த ஊருக்கு இதெல்லாம் புதுசும் இல்லை. 1891-லேயே பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை ஆரம்பித்தார். பகலில் கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் போனவர்கள் மாலையில் வேஷம் கட்டினார்கள். பம்மலே பின்னாளில் நீதிபதி ஆனவர்! திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா 1900-லிருந்து இருக்கிறது. இவையெல்லாம் ராஜா கொடுத்த மானியத்தில் வளர்ந்ததல்ல. நம்மைப் போன்ற குடும்பங்கள் கட்டிய சந்தாவில் வளர்ந்தவை.

ஆதரவு என்றால் கண்ணை மூடிக்கொள்வதா?

இல்லை. 2023-ல் கலாக்ஷேத்ராவிலேயே மாணவிகள் பாலியல் தொல்லைப் புகார் சொல்லிப் போராட்டம் நடத்தினார்கள். ஆசிரியர் ஒருவர் கைது செய்யப்பட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி கே.கண்ணன் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. ‘நம்ம ஊர்ப் பெருமையாச்சே, வெளியே பேசலாமா’ என்று மூடி மறைப்பது புண்ணுக்குள் சீழை வைத்துத் தைப்பது மாதிரி.

குரு பக்தி வேறு, பயம் வேறு. நல்லாயிருந்த பிள்ளை திடீரென்று வகுப்புக்குப் போக அழுதாலோ, தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்தாலோ, சாப்பிட மறுத்தாலோ, "சும்மா சோம்பேறித்தனம்" என்று அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து மெதுவாகக் கேளுங்கள். சொன்னால் நம்புங்கள். பள்ளியில் புகார்க் குழு இருக்கிறதா என்று சேர்க்கும்போதே விசாரியுங்கள். குழந்தைகளுக்கு உதவ 1098 என்ற இலவச எண் இருக்கிறது. இப்படிக் கேள்வி கேட்கிற பெற்றோர்தான் ஒரு பள்ளிக்கு உண்மையான ஆதரவு.

உங்கள் குடும்பம் என்ன செய்யலாம்?

* இரண்டு மாதத்துக்கு ஒரு நிகழ்ச்சி என்று காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் மட்டும் போதாது.

* டிக்கெட் இருந்தால் வாங்கிப் பாருங்கள். ‘ஓசி பாஸ் கிடைக்குமா’ என்று கேட்காதீர்கள். பிரபலங்களுக்குக் கொடுக்கும் காசில் கொஞ்சம் அறிமுகக் கலைஞர்களுக்கும் போகட்டும்.

* தாத்தா பாட்டியைக் கூட்டிப் போங்கள். ஓரத்து இருக்கை கேட்டு வாங்குங்கள், சிறுநீர் கழிக்க எழுந்து போக வசதியாக இருக்கும். சர்க்கரை உள்ளவர்கள் மாத்திரை நேரத்தையும், கையில் ரெண்டு பிஸ்கட்டையும் மறக்க வேண்டாம்.

* கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கும்போது ஒரு புடவையாவது கலைப்பள்ளித் தறியில் நெய்ததாக இருக்கட்டும்.

* பிறந்தநாள், திவசம் போன்ற நாட்களில் ஒரு மாணவியின் ஒருமாதக் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளலாம். நன்கொடைக்கு ரசீது கேளுங்கள். பதிவு பெற்ற அமைப்பா, வரிச் சலுகை உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

* பணம் இல்லையா? நேரம் கொடுங்கள். கணக்கு எழுதத் தெரிந்தவர் கணக்கு எழுதலாம், தைக்கத் தெரிந்தவர் நாடக உடை தைக்கலாம். ரிட்டயர் ஆனவர்களுக்கு இதைவிட நல்ல டானிக் கிடையாது!

* நிகழ்ச்சி பிடித்திருந்தால், முடிந்ததும் கிளம்பி ஓடாமல், ஆடிய பிள்ளையிடம் போய் "நல்லா பண்ணினேம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்தக் குழந்தை அடுத்த நாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து சாதகம் பண்ண அது போதும்.